குறுக்கே வைத்த கரண்டி

என் தராசில் கைமரைத் தவிர வேறெதையும் வைத்தது கிடையாது. எருமைப்பாலைக் காய்ச்சி, அகலத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, மேலே திரண்டு நிற்கிற ஏட்டைச் சுருட்டி எடுத்தால் அது கைமர். தெற்கு இராக்கின் சதுப்பு நீரில் நாணல் வீடு கட்டி எருமை வளர்க்கிற எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிழைப்பு. விடிந்ததும் என் படகில் வீடு வீடாகப் போய்த் தட்டுகளை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுமுன் சிபாயிஷ் கடைத்தெருவில் கடை விரித்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. என் மூத்தவன் பெயர் ஸாஹி. அதனால் ஊருக்கெல்லாம் நான் உம்மு ஸாஹி, ஸாஹியின் அம்மா. சொந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளே கிடையாது.

ஒரு நாள் காலையில் தட்டு வாங்கப் படகை நிறுத்தியபோது, அந்த வீட்டு மக்கியா தன் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தத் தராசில் உட்கார வைத்தாள்.

"முள்ளு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க. என் மனசு நோகும்னு கூட்டிச் சொல்லாதீங்க."

"அஞ்சு கிலோ இருநூறு," என்றேன்.

பத்து மாதப் பிள்ளை. எங்கள் பக்கத்துக் கன்றுக்குட்டி பிறந்த நாளிலேயே அவனைப்போல ஆறு மடங்கு இருக்கும்.

பெயர் ஜஹைஷ். கழுதைக்குட்டி என்று அர்த்தம். மக்கியா அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். அப்படிப்பட்ட வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு நாங்கள் நாய், நரி, சாணி என்று ஏதாவது பெயர் வைத்துவிடுவோம், சாவுக்கே தூக்கிப் போக மனசு வராத பெயராக. இவன் இரண்டரை மாதம் முந்திக்கொண்டு பிறந்தான். நாஸிரியா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மூக்கு வழியாகக் குழாய் விட்டு நாலு மாதம் பால் ஏற்றினார்கள். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் மாதம் ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு திரும்பவும் அங்கேதான் போனான்.

அன்றைக்கு அவர்கள் நாஸிரியாவிலிருந்து திரும்பி இரண்டாம் நாள். என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடிக் கிளாஸ், அடியில் சீனி, ஒரு குட்டிக் கரண்டி. எங்கள் வீடுகளில் குடித்து முடித்த கிளாஸைச் சும்மா கீழே வைத்தால் மறுபடி ஊற்றிவிடுவார்கள். போதும் என்றால் கரண்டியைக் கிளாஸின் வாய்மேல் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

"அங்க எக்லாஸ்னு ஒரு பொண்ணு இருக்காக்கா," என்றாள் மக்கியா. "பிள்ளைங்களுக்கு விழுங்கப் பழக்குறதுதான் அவளுக்கு வேலையே."

"விழுங்கவா? அதுக்கு ஒரு படிப்பா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். எக்ஸ்ரே பெட்டியில காட்டினா. தொண்டையில ரெண்டு வழி இருக்கு. இவனுக்குப் பால் தண்ணியா இருந்தா மூச்சு போற வழியில இறங்கிடுது. கறுப்பா இறங்கினதை என் கண்ணால பார்த்தேன். நமக்கெல்லாம் இருமல் வந்து வெளிய தள்ளிடும். இவன் இரும மாட்டான். அதான் இத்தனை நாளா யாருக்கும் தெரியல."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கண்ணோரம் சிவக்கும், மூக்கு நனையும். அவ்வளவுதான் அடையாளம். பாலைக் கெட்டியாக்கிக் கரண்டியில குடுன்னா. நிமித்தி உட்கார வச்சு, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு வாய் முழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்த வாய்."

கெட்டி என்ற வார்த்தைதான் என் காதில் நின்றது. கெட்டியைப் பற்றி இந்தச் சதுப்பிலே என்னைவிடத் தெரிந்தவள் யார்? கத்தியால் வெட்டுகிற அளவுக்குத் திரண்ட கைமரை விரல் வைத்தே ரகம் பிரிப்பவள் நான்.

மக்கியா எருமைகளுக்குப் புல் போட வெளியே போனாள். நானும் அவள் நாத்தனார் ஷுக்ரியாவும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தோம். ஷுக்ரியா ஓர் ஆஸ்பத்திரிப் பால் டப்பாவைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"பாரு கூத்தை. பதினாலு எருமை கட்டியிருக்கிற வீட்டுல டப்பாப் பால்!"

"கெட்டியா வேணும்னா இதைவிடக் கெட்டி எது?" என்று நான் தட்டிலிருந்து கைமரை விரலில் வழித்துப் பிள்ளையின் வாயில் வைத்தேன். என் மடியில் மல்லாந்து கிடந்தான். நக்கினான், சிரித்தான். இன்னொரு விரல். இன்னொன்று. இருமவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஒரு வாய் என்று சொல்லாமல் நான் யாருக்கும் எதையும் கொடுத்ததே கிடையாது.

மறுநாள் இரவே காய்ச்சல். அடுத்த நாள் விடியும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழ மூச்சு வாங்கினான். என் படகில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மக்கியா கேட்டாள்: "நான் குடுத்தது தவிர வேற ஏதாவது இவன் வாயில போச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஷுக்ரியா காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பொய் வரவில்லை.

"நான்தான் கைமர் குடுத்தேன்."

"எத்தனை விரல்?"

"மூணு."

"மூணா, நாலா? டாக்டர் கேட்பாங்க."

"நாலு."

அவ்வளவுதான் பேசினாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அழுதிருப்பேன்.

பதினோரு நாள் கழித்துத் திரும்பினார்கள். ஐந்து கிலோ இருநூறு, ஐந்துக்கும் கீழே போயிருந்தது. எக்லாஸ் நாற்பது நாள் தவணை கொடுத்தாளாம். நெஞ்சு சுத்தமாக இருந்து, எடையும் ஐந்தே முக்காலைத் தொட்டால் வாயாலேயே ஊட்டலாம். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், அதற்குப் பாக்தாத் போக வேண்டும். குழாய் வைத்தால் பிழைப்பான், அதில் தப்பில்லை என்றும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இன்னொரு தடவை நெஞ்சில் பால் இறங்கினால் மட்டும் தாங்க மாட்டான்.

அதன் பிறகு தினமும் நான் அவர்கள் வீட்டு ஓரமாகப் படகை நிறுத்துவேன். மக்கியா தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், காலித் தட்டை எடுத்துக்கொள்வாள். "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்ற வார்த்தை வராது. எங்கள் பக்கம் எதிரி வந்து நின்றாலும் டீ குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் சண்டையே போடுவார்கள். அந்த வார்த்தை வராதது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு படகைத் தள்ளினேன்.

விஷயங்களைச் சொன்னது அவள் புருஷன் முத்தஷர். நாணல் வெட்டிப் படகில் குவித்துக்கொண்டு வரும்போது என் படகைப் பிடித்து நிறுத்திப் பேசுவான். வாய் ஓயாதவன்.

"அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா? உங்க கைமரை ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டுக்கிட்டு விரல் விட்டு எண்ணினா. பத்து எண்ணுறதுக்குள்ள துப்பினா. வெறும் எண்ணெய்த் தண்ணி. வெளிய கல்லு மாதிரி இருக்கு, வாய்ச் சூட்டுல உருகிடுது. அதான் இறங்கிடுச்சு, பார்த்தீங்களா-ன்னா."

இருபத்தாறு வருஷம் கைமர் விற்ற எனக்கு இது தோன்றவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீட்டுல இருக்கிற எல்லாமே அவ வாய்க்குள்ள போய் எண்ணிட்டுத்தான் வெளிய வருது. மாவு, கிழங்கு, பழம். கடைசியில அரிசி மாவு நின்னுச்சு. ரொட்டிக்குக் கரைக்கிறோமே, அதையே டப்பாப் பால்ல போட்டுக் காய்ச்சி. எக்லாஸுக்குப் போன் போட்டுக் கேட்டா, சரின்னுட்டாங்க. கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, கட்டியாவும் விழக் கூடாது, வழுக்கிக்கிட்டு விழணும். அந்தப் பதம்."

"அவளுக்கு அந்தப் பதம் தெரியாதா என்ன. அவ சுடுற ரொட்டி மாதிரி மெல்லிசா யாரும் சுட மாட்டாங்க."

"ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். பிள்ளை எச்சில் பட்டா கொஞ்ச நேரத்துல நீர்த்துடுது. அதனால ரெண்டு கிண்ணம். பெரிய கிண்ணத்துல பிள்ளை நக்கின கரண்டி போகவே கூடாது. நான் ஒரு நாள் மறந்து விட்டுட்டேன். மொத்தத்தையும் எருமைக்கு ஊத்திட்டு மறுபடி காய்ச்சினா. என்னைப் பார்த்த பார்வை இருக்கே, எருமையே பரவாயில்ல."

உட்கார வைப்பதற்கு முத்தஷர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை அறுத்து நாற்காலி செய்தான். இரண்டு பக்கமும் நாணல் கட்டு வைத்துத் துணி சுற்றினான். சாய்ந்துபோகாமல் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். "தாயில்லாக் கன்னுக்குத் தலையைத் தூக்கிப் பிடிச்சுப் பால் புகட்டினா நுரை தள்ளிச் செத்துப் போகும்னு எனக்கு ஏழு வயசுலயே தெரியும்," என்றான் என்னிடம். "என் பிள்ளையை மல்லாக்கப் போட்டு ஊட்டும்போது மட்டும் அது ஞாபகம் வரல பாருங்க." அப்போதுதான் முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசினதைப் பார்த்தேன்.

ஷுக்ரியாவின் வாய் மட்டும் அடங்கவில்லை. படகில் இருக்கும் எனக்கும் கேட்கட்டும் என்றே பேசுவாள்.

"ஒரு கிண்ணம் கூழு ஊட்ட அரை மணி நேரம்! நான் ஆறு பெத்தேன், ஒண்ணுக்காவது எண்ணிக்கிட்டு உட்கார்ந்தேனா?"

"உங்க ஆறும் இருமத் தெரிஞ்சு பொறந்துச்சு அண்ணி," என்பாள் மக்கியா, கரண்டியிலிருந்து கண் எடுக்காமல்.

"வர்றவங்க போறவங்க ஒரு வாய் ஊட்டக் கூடாதாம். சொந்த அத்தைக்காரி நான் தொடக் கூடாதாம். ஊர் என்ன பேசுது தெரியுமா?"

"பேசட்டும். பேசுறவங்க வாய் நல்லா இருக்கு. இவன் வாயை நான் பார்க்கணும்."

கோடை வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றியது. தெற்கிலிருந்து உப்பு ஏறி வந்தது. தென்கிழக்குக் காற்று ஈரமும் புழுக்கமுமாக நாளெல்லாம் அப்பிக்கொண்டது. உப்புத் தண்ணீர் குடித்த எருமைகளுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. நான் எடுக்கிற கைமர் பாதியானது. வீடு வீடாக மந்தையை வடக்கே ஆழத்தண்ணீர்ப் பக்கம் ஓட்டத் தொடங்கினார்கள். முத்தஷருக்கும் வேறு வழியில்லை. பதினாலில் இரண்டு சினை. ஒற்றை ஆளால் ஓட்டிப் போக முடியாது, மக்கியாவின் குரலுக்குத்தான் அவை வரும். விடிந்து போனால் அந்தி சாயத்தான் திரும்பலாம். பிள்ளையை அந்த வெயிலில், ஆடுகிற படகில் வைத்து ஊட்ட முடியாது.

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் அது.

காலையில் தட்டு வாங்கப் போனேன். மக்கியா தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணி ஊட்ட மாட்டேங்குறாங்க."

"ஆமா மாட்டேன்," என்று உள்ளேயிருந்து ஷுக்ரியா. "நாப்பது நாளாத் தொட விடாம, இன்னைக்கு மட்டும் கரண்டியைக் குடுப்பாளாம். ஏதாவது ஆச்சுன்னா பழி என் தலையில!"

எனக்கும் பயம்தான். கால் படகிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "நான் ஊட்டுறேன்."

மக்கியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வாங்க."

பாயில் உட்கார்ந்தேன். டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். "அண்ணாந்து பாருங்க" என்று என் நெற்றியைப் பின்னால் சாய்த்து, ஆறின டீயை வாயில் ஊற்றினாள், நிறுத்தாமல். எனக்குப் புரை ஏறியது. கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர். தரையில் குனிந்து இருமினேன், நெஞ்சு எரிந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வீட்டு டீயை நான் குடித்தது இப்படித்தான்.

"நீங்க இருமித் தள்ளிட்டீங்க," என்றாள். "அவனுக்கு அது முடியாது. அப்படியே உள்ள நிக்கும். எருமை ஓட்டிட்டுப் போறப்ப என் மனசுல இது மட்டும்தான் இருக்கும். உங்க மனசுலயும் இருக்கணும்."

பிறகு ஒரு கரண்டி கூழை என் வாயில் வைத்து எண்ணச் சொன்னாள். பத்து வரை நின்றது. ஒரு வாய் ஊட்டச் சொல்லிப் பார்த்தாள். கரண்டியை நான் மேலே தூக்கினேன், கையைத் தட்டிக் கீழே இறக்கினாள். இரண்டாவது வாய் சரியாக வந்தது. அவன் தொண்டை ஏறி இறங்கியதைக் காட்டினாள்.

"நாலு வேளை. வேளைக்கு ஒரு கிண்ணம்னு சொல்றேன், ஆனா கிண்ணம் காலியாகணும்னு சொல்லல. புரியுதா?"

"புரியுது."

"வெயில் சாயுற வேளைக்கு அசந்துடுவான். அப்பதான் கவனம்."

அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அன்றைக்கு என் கைமர் கடைத்தெருவுக்குப் போகவில்லை. வெயிலில் ஓரம் புளிக்கத் தொடங்கியது. அதைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை. அரிசி மாவைக் காய்ச்சினேன், ஆறவைத்தேன், வாயில் வைத்து எண்ணினேன். பீப்பாய் நாற்காலியில் அவனை உட்கார வைத்து அவன் கண்மட்டத்துக்கு நானும் குந்தினேன். கழுதைக்குட்டி என்னையே உற்றுப் பார்த்தான். முதல் கிண்ணம் முழுதும் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஒரு துளி மிச்சம். என் முதுகு விட்டுப்போனது, ஈ மொய்த்தது, கையெடுத்து விரட்டப் பயமாக இருந்தது.

ஷுக்ரியா தூரத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு கரைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குமேல் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

நாலாவது வேளை. வெயில் சாய்ந்து நாணல் நிழல் வாசலைத் தொட்டது. நாளைக்குத் தராசு என்பது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இறக்கிவிட்ட எடையை நானே ஏற்றிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தது. பாதிக் கிண்ணம் நன்றாகப் போனது. அடுத்த வாயை அவன் நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தான். விழுங்க நேரமானது. விழுங்கினான். வாயைத் திறந்தான், இன்னும் வேண்டும் என்பது போலத்தான் திறந்தான்.

"ஊட்டு," என்றாள் ஷுக்ரியா. "வாயைத் திறக்குறான் பாரு. இன்னும் நாலு வாய்தான். நாளைக்கு எடை பார்க்கணும்ல?"

கரண்டியில் கூழ் இருந்தது. என் கை பாதி வழி போய்விட்டது. அவன் கண்ணோரத்தைப் பார்த்தேன். சிவக்கவில்லை. ஆனால் இமை ஒரு தடவை மெதுவாக மூடித் திறந்தது. விருந்துக்கு வந்து வயிறு நிறைந்த மனுஷன், வீட்டுக்காரி மனம் நோகுமே என்று இன்னொரு கிளாஸுக்குக் கை நீட்டுவானே, அந்தப் பார்வை. அவனுக்குக் கரண்டியைக் குறுக்கே வைக்கத் தெரியாது. கை கூட அவ்வளவு நீளம் வராது.

அவனுக்காக நான் வைத்தேன். கிண்ணத்தின் மேல், குறுக்கே.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ஷுக்ரியா. "பாதி அப்படியே இருக்கு!"

"போதும்ங்குறான்."

"அவனா சொன்னான்?"

"ஆமா. அவன்தான் சொன்னான்."

அரை மணி நேரம் அவனை நிமிர்த்தியே வைத்திருந்தேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மூச்சைக் காது வைத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை. ஷுக்ரியா வந்து அவளும் காது வைத்தாள், போய் ரொட்டி சுட்டாள்.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பினார்கள். இடுப்பு வரை சேறு. மக்கியா கையைக் கழுவிவிட்டு முதலில் பிள்ளையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். அது அப்படியே இருந்தது, கரண்டி குறுக்கே கிடக்க. கழுவி வைத்திருக்கலாம், ஆனால் மறைத்ததாக ஆகிவிடும் என்று வைத்திருந்தேன்.

"பாதிக் கிண்ணம் மிச்சம்," என்றாள் ஷுக்ரியா. "நான் சொன்னேன், கேட்கல."

"கண்ணு சிவந்துச்சா?" என்று மக்கியா என்னைக் கேட்டாள்.

"சிவக்கல. சிவக்கறதுக்கு முன்னாடியே வச்சுட்டேன்."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியை எடுக்கவில்லை. பிறகு பாயில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோதும், ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஷுக்ரியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அட எழுந்திரு, சேறு காயுது," என்று அவள் முதுகைத் தடவினாள்.

மறுநாள் என் படகில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்லாஸ் சின்னப் பெண், என் கடைசி மகள் வயசுதான் இருக்கும். எடைக் கருவியில் வைத்தாள். ஐந்து கிலோ அறுநூற்றுத் தொண்ணூறு. அறுபது கிராம் குறைவு. என் நாலு விரல் கைமரின் அளவு. அந்தப் பாதிக் கிண்ணம் கண்முன் வந்து நின்றது.

எக்லாஸ் எடையைக் குறித்துக்கொண்டாள். பிள்ளையின் முதுகில் குழலை வைத்துக் கேட்டாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

"நேத்து யாரு ஊட்டினது?"

"இவங்க," என்று மக்கியா என்னைக் காட்டினாள். நான் வாசலைப் பார்த்தேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு," என்றாள் எக்லாஸ். "இவன் பொறந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமா நான் கேட்டதே இல்ல. அறுபது கிராமை மெதுவா ஏத்திக்கலாம். குழாய் வேண்டாம். இன்னும் நாப்பது நாள் இதே மாதிரி குடுங்க."

திரும்பி வந்தோம். அவர்கள் வீட்டுக் கரையில் படகை ஒதுக்கினேன். மக்கியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் வீட்டுக்குப் போகத் துடுப்பை எடுத்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள். "உள்ள வாங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

போனேன். ஷுக்ரியா டீ ஊற்றினாள். முதல் கிளாஸ் குடித்தேன். இரண்டாவது குடித்தேன். மூன்றாவதும் குடித்து, கிளாஸைச் சும்மா கீழே வைத்தேன். நாலாவது ஊற்றிய பிறகுதான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அப்போதும் குறுக்கே வைக்கவில்லை, சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.